சந்தைக் கொட்டகையும் எட்டாவது வார்டு மெம்பரும்

மூங்கிலேரியில் மாதையனைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘பாவம், வாயில்லாத மனுஷன்’ என்பார்கள். போன மாதம் அவரைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன அன்றும் தெருவில் நின்றவர்கள் அதைத்தான் சொன்னார்கள். உண்மையில் அவருக்கு நல்ல வாய் இருந்தது. புளி மண்டியில் மேஸ்திரியாக இருந்தபோது, தெருக்கோடியில் லாரி திரும்பும்போதே அவர் குரல் டிரைவருக்குக் கேட்கும். கிண்டலடித்தே வேலை வாங்கிவிடுவார். "இன்னாடா சுப்பிரமணி, நீ மூட்டையைத் தூக்கினு போறியா, மூட்டை உன்னைத் தூக்கினு போவுதா?" என்பார். சிரித்துக்கொண்டே ஒரு லாரி லோடு ஏறிவிடும். அந்த வாய் அடைத்துப்போனது ஒரே வருடத்தில். அவர் டவுன் பஞ்சாயத்து மெம்பராக இருந்த எண்பத்தாறாம் வருடத்தில்.

அவர் பிறந்தது மலைமேல் மேல்கானூரில். மழை பொய்த்த ஒரு வருடம், மீசை முளைக்கிற வயதில், மூட்டை தூக்கக் கீழே இறங்கியவர் அப்படியே தங்கிவிட்டார். பெண் கட்டியது மட்டும் மலையில். சாந்தம்மாளோடு எட்டாவது வார்டில் குடியேறினார். மலைப்பாட்டை வந்து ஊரைத் தொடுகிற இடம் அது. பாதி வீடுகள் அவரைப்போல இறங்கி வந்தவர்களுடையவை.

மூங்கிலேரிக்குப் புதன்கிழமை சந்தை. மலைச்சனம் செவ்வாய்க்கிழமையே புளியும் சாமையும் கடுக்காயும் சுமந்துகொண்டு இறங்கிவிடும். அவர்கள் சுமையை இறக்கி, அடுப்பு மூட்டி, படுத்து எழுந்திருக்க சந்தைமேட்டில் ஒரு நீளமான ஓட்டுக் கொட்டகை இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது என்பார்கள். பாதி ஓடு இல்லை. ஆனால் கீழ்நாட்டில் மலைக்காரர்கள் யாரிடமும் கேட்காமல் உட்காரக்கூடிய இடம் அது ஒன்றுதான். பஸ் நிலையத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள், கொட்டகையை இடித்துக் கடை கட்டப் போகிறார்கள் என்று வதந்தி வந்தபோது மலையே கலங்கியது.

அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. பல வருடங்களாக அதிகாரிகள் மட்டுமே நடத்திவந்த பஞ்சாயத்துக்கு மறுபடி தலைவர், மெம்பர்கள். மேல்கானூர் நாட்டார் கோபால்சாமி தடியூன்றிக்கொண்டு மாதையன் வீட்டுக்கு வந்தார். மலையில் பல ஊர்களுக்குத் தலைவராக ஒரு நாட்டார். அவர் வீடு தேடி வந்தால் அது சின்ன விஷயமில்லை.

"நீ நில்லு மாதையா."

"நின்னு நான் இன்னா பண்றது நாட்டாரே?"

"நின்னு ஒண்ணும் பண்ண வேணாம். ஜெயிச்சு உள்ள போயி உக்காரு. உக்காந்து கொட்டகையைப் பாத்துக்கோ."

சாந்தம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "மண்டியில பொழுதன்னிக்கும் நின்னுக்கினே கீற மனுஷன். எங்கயாவது உக்கார வெச்சீங்கன்னா புண்ணியமாப் போவும்."

மண்வெட்டிச் சின்னத்தில் நின்றார். ஜெயித்தார். அந்தப் பங்குனியில் ஊர்க்காரர்கள் வேன் பிடித்துக் காவலூர் பக்கம் வால்நட்சத்திரம் பார்க்கப் போனார்கள். எட்டாவது வார்டுக்காரர்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. தங்கள் ஆள் ஒருவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குள் போவதைப் பார்க்கவே வாசலில் கூட்டம் நின்றது.

தலைவர் வடிவேலு ரைஸ்மில்காரர். அதிர்ந்து பேசாதவர், எல்லோரையும் முறைவைத்துக் கூப்பிடுகிறவர். அவருக்கு வலது பக்கம் உட்காருகிற நாலாவது வார்டு துரைக்கண்ணு ஜவுளிக்கடைக்காரர். அவருக்கு யாரையாவது வைத்துச் சிரிக்காமல் கூட்டம் நகராது. முதல் கூட்டத்திலேயே மாதையன் எழுந்து, "எங்க தெருவுல தண்ணி வர்லீங்கோ" என்றார். மலைக்காரர்கள் வாக்கியத்தின் கடைசியை இழுத்துத்தான் விடுவார்கள். துரைக்கண்ணு அதே இழுப்போடு, "வர்லீங்கோஓ…" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாதையனும் சிரித்தார். குழாய் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த அறையில் வாயைத் திறந்தது டீ குடிக்க மட்டும்தான். மண்டியில் அதே இழுப்போடுதான் இருபது வருடம் கத்தியிருக்கிறார். அங்கே யாரும் திருப்பிச் சொல்லிக் காட்டியதில்லை.

ஆடி மாதக் கூட்டத்தில் கொட்டகை வந்தது. நிர்வாக அதிகாரி ராஜேந்திரன் எழுந்து, சந்தைமேட்டில் உள்ள பழைய கொட்டகையை அகற்றிக் கடைகள் கட்டும் பொருள் மன்றத்தின் முன் வைக்கப்படுகிறது என்று படித்தார். "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் மாதையனுக்குக் குழப்பமே இல்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பார்வையைத் தரையில் போட்டு, அசையாமல் உட்கார்ந்தார்.

மலையில் கூட்டம் அப்படித்தான் நடக்கும். நாட்டார் விஷயத்தைச் சொல்வார். சம்மதமுள்ளவன் குனிந்து மண்ணைத் தொட்டு ‘ஆவட்டும்’ என்பான். சம்மதமில்லாதவன் எழுந்து எதிர்த்துப் பேசமாட்டான். பெரியவர்கள் முன்னால் அது மரியாதையில்லை. சும்மா உட்கார்ந்திருப்பான். ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கிற வரைக்கும் கூட்டம் முடியாது. நாட்டாரே அவன் பக்கம் திரும்பி, என்னப்பா குறை என்று கேட்பார். குறை தீராவிட்டால் காரியம் நின்றுபோகும். மாதையன் சின்ன வயதிலிருந்து பார்த்தது அது. ஒருமுறை, இரண்டு ஊருக்கு நடுவில் இருந்த நாவல் மரத்தை வெட்டும் பேச்சு, ஒரே ஒரு மனிதன் மண்ணைத் தொடாததால் அறுவடைவரை இழுத்தது.

அதனால் அவர் காத்திருந்தார். வடிவேலு தன் பக்கம் திரும்புவார், கேட்பார் என்று. யாரும் திரும்பவில்லை. அதிகாரி அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். சரி, நம் ஒருவரால் விஷயம் நின்றுவிட்டது, மறுபடி எடுப்பார்கள்போல என்று மாதையன் நினைத்துக்கொண்டார். வெளியே வரும்போது வடிவேலு அவர் தோளைத் தொட்டு, "வர்றேண்ணே" என்று சொன்னது, தோற்றவன் காட்டும் பெருந்தன்மையாகவே அவருக்குப் பட்டது.

அடுத்த செவ்வாய் கொட்டகைக்குப் போய், சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று சொன்னார். "கேட்டாங்க. நான் அசையவே இல்ல. நிறுத்திட்டேன்."

பெரியம்மாள் என்று ஒரு கிழவி, மேல்கானூரில் அவருக்கு அத்தை முறை. அவள் தலைச்சுமையை இறக்காமலே நின்று கேட்டாள். "ஒருத்தன் உக்காந்தே நிறுத்திப்புட்டியாடா?"

"ஒருத்தன்தான்."

"எங்கண்ணனுக்குப் பொறந்தவனாச்சே" என்று சொல்லி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த நெல்லிக்காயை அவர் கையில் கொட்டினாள். அந்த ஆவணி முழுக்க அவர் வீட்டுக்குத் தேனும் சாமையும் பலாக்கொட்டையும் வந்துகொண்டிருந்தன. சாந்தம்மாளுக்கு வைக்க இடமில்லை. "நீ இன்னும் நாலு தபா சும்மா உக்காரு. நாம ஒரு மண்டி வெச்சிடலாம்" என்றாள்.

ஆவணி கடைசியில் சர்வே ஆட்கள் கொட்டகையைச் சுற்றிச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். மாதையன் மண்டியிலிருந்து வியர்வையோடு ஆபீசுக்கு ஓடினார். ராஜேந்திரன் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"இன்னா சார், அளக்கிறாங்க? நான் ஒத்துக்கலியே."

"எதுக்கு?"

"கொட்டகைக்கு. ஆடி மாசக் கூட்டத்துல."

"நீங்க ஒண்ணும் பேசலையே மாதையன்."

"அதான் சார். பேசலியே."

"பேசலைன்னா?"

"பேசலைன்னா ஒத்துக்கலன்னுதானே."

ராஜேந்திரன் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். "இங்க அப்படி இல்லைங்க. ஆட்சேபணை உண்டான்னு கேட்கிறோம். யாரும் வாயைத் திறக்கலைன்னா எல்லாருக்கும் சம்மதம்னு ஆயிடும். ஒருமனதா நிறைவேறியாச்சு."

"ஒருமனதான்னா நானும் சேர்ந்தா?"

"நீங்களும் சேர்ந்துதான்."

மாதையன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவருக்காக இரக்கப்பட்டோ என்னவோ, ராஜேந்திரன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் கட்டட வேலையை உறுதிசெய்ய அதே விஷயம் மறுபடி வருகிறது. ஒரு மெம்பர் எழுந்து நின்று வேண்டாம் என்று சொன்னால் போதும். அதையும் சேர்த்துத்தான் மேலே அனுப்ப வேண்டும். மலைக்காரர்கள் தங்குகிற இடம் என்று தெரிந்தால் கலெக்டர் ஆபீசில் கேள்வி கேட்பார்கள், அவர்களுக்கு மாற்று இடம் காட்டாமல் இடிக்க விடமாட்டார்கள். "வேணாம்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

அந்த ஒரு வார்த்தையை மாதையன் பல நாள் ஒத்திகை பார்த்தார். மண்டிக்குப் போகும் வழியில் சொல்லிப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்துச் சொன்னார். கடைசி இழுபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. வேணாங்கோ என்று வரக்கூடாது, வேணாம் என்று நறுக்கென்று நிற்க வேண்டும். சாந்தம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு, "இன்னாய்யா வேணாம்? சோறா?" என்றாள்.

புரட்டாசிக் கூட்டத்துக்கு அவர் நுழைந்தபோது வடிவேலு எழுந்து நின்றார். "வாங்கண்ணே, இன்னா அங்கயே ஓரமா உக்கார்றீங்க? இப்படி வாங்க." தன் இடது பக்கத்து நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். மற்ற மெம்பர்களுக்குப் போட்ட இரும்பு நாற்காலி அல்ல. வயர் பின்னிய நாற்காலி. டீ முதலில் அவருக்குத்தான் வந்தது. எதிரில் துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார்.

விஷயம் வந்தது. ராஜேந்திரன் படித்து முடித்து, மாதையனைப் பார்த்தார். மாதையன் எழ முனைவதற்குள், வடிவேலு அவர் பக்கம் முழுதாகத் திரும்பினார். மலையில் நாட்டார் திரும்புவது போலவே. "அண்ணே, உங்க சனங்க தங்கற எடம். நீங்க சொல்லாம செய்யக்கூடாது. இன்னா சொல்றீங்க?"

எல்லா முகமும் அவரைப் பார்த்தது. அவர் எழுந்து நின்றார். வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. துரைக்கண்ணுவின் உதடு லேசாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. அந்த இழுப்புக்காகக் காத்திருக்கும் உதடு. வடிவேலு இன்னும் அண்ணாந்து, அண்ணன் முகத்தைப் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றார் மாதையன்.

அது இழுபடவே இல்லை. நறுக்கென்று நின்றது.

அவர் உட்கார்ந்தபோது ராஜேந்திரன் குனிந்துகொண்டார். துரைக்கண்ணு, "அப்புறம் இன்னா, மெம்பரே சொல்லிட்டாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று மாதையனுக்கு இருந்தது.

ஐப்பசி மழைக்கு நடுவில் கொட்டகையை இடித்தார்கள். அந்தச் செவ்வாய் இறங்கி வந்தவர்கள் நனைந்த புளிக்கூடைகளோடு ஓட்டுக் குவியலைப் பார்த்து நின்றார்கள். மாதையன் அவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னார். ஆடிக் கூட்டத்தில் நடந்ததை. "நான் வாயே தொறக்கல. தொறக்காததையே சம்மதம்னு எழுதிக்கினாங்க." அது பொய்யில்லை. புரட்டாசிக் கூட்டத்தைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் நம்பினார்கள். கோபப்படவே இல்லை. பெரியம்மாள் அவர் கன்னத்தைத் தடவி, "உன்னை ஏமாத்திட்டானுவளேடா, கீழ்நாட்டானுவ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மண்டியில் அன்றைக்கு மூட்டைக்காரர்கள் மேஸ்திரி ஒரு கிண்டலும் பேசவில்லையே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மழை விட்ட ஒரு நாள் கோபால்சாமி மலையில் கூட்டம் போட்டு ஆள் அனுப்பினார். மாதையன் ஏறிப் போனார். சாந்தம்மாளும் கூடப் போனாள். மேல்கானூர் மாரியம்மன் கோயில் முன்னால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் தள்ளி. கொட்டகைக்கு இனி என்ன வழி என்று பேசினார்கள். ஒரு வழியும் தெரியவில்லை. பிறகு நாட்டார் சொன்னார்.

"நம்ம மாதையன் பேர்ல அங்கங்க பேச்சு கெளம்பியிருக்குது. வித்துட்டான் கித்துட்டான்னு. அவன் நம்ம வழக்கப்படிதான் உக்காந்தான். அவனுக்கு அவுங்க வழக்கம் தெரியல. அவன் மேல குத்தம் இல்லன்னு இந்தக் கூட்டம் சொல்லணும்."

முதலில் நாட்டாரே மண்ணைத் தொட்டார். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். ஆவட்டும், ஆவட்டும் என்று குரல் வட்டமாகச் சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டாகிவிட்டது. மாதையன் மட்டும் பாக்கி.

அவர் கை தொடைமேல் இருந்தது. எடுத்து வைத்துவிடலாம், ஒரு நொடி வேலை. கை எழவில்லை. யாரோ, "அவன் அவனுக்கே எப்படித் தொடுவான், வெக்கப்படறான், விடுங்க" என்றார்கள். கோபால்சாமி விடவில்லை. அவர் முறை தெரிந்தவர். மெல்ல மாதையன் பக்கம் திரும்பினார்.

"இன்னா கொறை மாதையா?"

"கேட்டாங்க நாட்டாரே."

"யாரு?"

"வடிவேலு. ரெண்டாந் தபா. என்னையே பாத்துக் கேட்டாரு. வேணாம்னு சொன்னா நின்னிருக்கும். அதிகாரி சொல்லிக் குடுத்தே அனுப்புனாரு."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னுட்டேன்."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"பயமுறுத்துனாங்களா?"

"இல்ல."

"எதுனா குடுத்தாங்களா?"

"டீ குடுத்தாங்க."

"பின்ன ஏண்டா?"

மாதையன் யோசித்தார். தலைவர் இழுத்துப் போட்ட வயர் நாற்காலி, துரைக்கண்ணுவின் உதடு, எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தார். சொல்ல எடுத்ததும் ஒவ்வொன்றும் கையிலேயே உதிர்ந்தது. "அண்ணேன்னு கூப்பிட்டாரு" என்றார்.

ஒரு வாலிபன் சிரித்துவிட்டு, சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்து நிறுத்திக்கொண்டான்.

கோபால்சாமி அபராதம் ஒன்றும் போடவில்லை. தள்ளி வைக்கவும் இல்லை. அபராதம் போட்டிருந்தால் மாதையன் கட்டிவிட்டு என்றாவது ஒருநாள் நிமிர்ந்திருப்பார். நாட்டார் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "கூட்டம் கலையலாம்" என்றார். எல்லோரும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள். மேல்கானூருக்கு வந்தவன், எதிரியே ஆனாலும், ஒரு வாய் களியாவது தின்னாமல் இறங்கமாட்டான், யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. சாந்தம்மாளும் அவரும் பாட்டையில் இறங்கினார்கள். பாதி வழியில் அவள் ஊற்றுக்கிட்ட நின்று தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"வூட்டுல கீற தேனையெல்லாம் தின்னுத் தொலைச்சோமே. அதை இன்னா பண்றது?"

அவர் மறுபடி பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் போகவில்லை. தொடர்ந்து கூட்டங்களுக்கு வராததால் மெம்பர் பதவி தானாகவே போனது. கடைகள் எழுந்தன. மலைச்சனம் செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கடைகளின் படிகளிலும் பஸ் நிலையத்துத் தரையிலும் சுமையை இறக்கிவைத்து, விரட்டினால் எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. மாதையன் தன் வீட்டுக்கு முன்னாலிருந்த காலி இடத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்து, மூங்கில் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்தார். அடுப்புக்குக் கல் போட்டார். தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தார். செவ்வாய்தோறும் வாசலிலேயே நின்றார். பாட்டையில் இறங்கி வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் சுமையைத் தோள் மாற்றிக்கொண்டு, எதிர்ப்பக்கமாக ஒதுங்கிக் கடந்து போனார்கள். திட்டவில்லை, முறைக்கவில்லை. நடந்து போனார்கள், அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் மழை ஊற்றித் தள்ளியது. மாதையன் கொல்லையில் விறகை மூடிக்கொண்டிருந்தார். வாசலில் சாந்தம்மாள் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"நனைஞ்சுக்கினு நிக்கிறியே அத்தை. உள்ள வா. புளியெல்லாம் போச்சு பாரு."

பெரியம்மாளின் குரல். "அவன் கீறானா?"

மாதையன் சாக்கைப் பிடித்தபடியே நின்றார்.

"இல்ல" என்றாள் சாந்தம்மாள்.

"அப்ப செரி. ஏ பாஞ்சாலி, வாங்கடி. அவன் இல்லியாம்."

கூடைகள் பந்தலுக்குள் இறங்குவது கேட்டது. ஈரப் புடவைகளைப் பிழியும் சத்தம், யாரோ தும்முவது, அடுப்பு பற்றாமல் பெரியம்மாள் புகையைத் திட்டுவது. அவர் வெளிப்படவில்லை. அவர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும்வரை கொல்லையிலேயே, கோழிக்கூண்டுப் பக்கம், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. செவ்வாய் மதியம் மேஸ்திரி மண்டியில் இருக்கமாட்டார் என்று மண்டிக்காரருக்கும் தெரியும். வாணியம்பாடி பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். அங்கே என்ன செய்தார், எங்கே படுத்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. புதன்கிழமை சந்தை கலைந்து, கடைசிச் சுமை மலையேறிய பிறகு திரும்புவார். பந்தல் பழசானால் வியாழக்கிழமைகளில் புதுக் கீற்று மாற்றுவார். பல வருடங்கள் போய், துரைக்கண்ணு ஜவுளிக்கடையை மகனிடம் விட்டு, வடிவேலு காலமாகி, பழைய கொட்டகை எங்கே இருந்தது என்று காட்டத் தெரிந்தவர்களே குறைந்துபோனார்கள். பெரியம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு அவள் பேத்திகள் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு அந்த வீட்டில் சாந்தம்மாள் என்று ஓர் அத்தை இருப்பது மட்டும்தான் தெரியும்.

கடைசி வருடங்களில் அவருக்கு மூச்சு வாங்கும். பஸ் படி ஏறவே ஆள் கை கொடுக்க வேண்டும். இந்த வயசில் எதற்கு, இங்கேயே உள் அறையில் படுத்துக்கொள்ளேன், யார் பார்க்கப் போகிறார்கள் என்று சாந்தம்மாள் ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல், சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் மலைக்காரி. அதற்கு மேல் கேட்கவில்லை. செவ்வாய்தோறும் களியை உருட்டித் தூக்குவாளியில் போட்டு, மேலே கீரைக் குழம்பை ஊற்றி மூடி, வாசலுக்குப் போய் மலைப்பக்கம் பார்த்துவிட்டு வருவாள்.

"பாட்டையில ஆள் தெரியுது. கௌம்புய்யா."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாகக் கிளம்புவார்.